ஏற்காடு ஏறும் ஆர்எக்ஸ் 100: புதியவர்களுக்குக் கார்பரேட்டர் பாடம்

யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ ஏற்காடு ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு, காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்பரேட்டரைத் திருக ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்காதீர்கள். முழுக்கட்டுரையும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்த ஒரு வரியோடு போய்விடலாம், பாதகமில்லை.

நான் எடுத்தேன். மலை ஏறும்போது வண்டி திணறியது, புகை தள்ளியது. ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரு சைஸ் சின்ன மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துளையைப் போட்டேன். அந்தப் பெட்ரோல் வழிக்குள் ஏறி இறங்கும் நீடிலின் கிளிப்பையும் ஒரு பள்ளம் மேலே ஏற்றினேன், அதுவும் பெட்ரோலைக் குறைக்கும் வேலைதான். அப்புறம் பார்க்க வேண்டுமே, லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கமெல்லாம் அம்பு மாதிரி பாய்ந்தது. அதே ஜோரில் கீழே இறங்கி, கோரிமேடு, அஸ்தம்பட்டி எல்லாம் தாண்டி பைபாஸைப் பிடித்து, காலியான ரோட்டில் ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினேன். நாலைந்து நிமிடம் இருக்கும். சத்தம் சட்டென்று மெலிந்தது, பின் சக்கரம் கீச்சென்று இழுத்துக்கொண்டு நின்றது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் கீழே விழவில்லை. மறுநாள் மெக்கானிக் அண்ணன் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை.

"மேல வெச்சு செட் பண்ணீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். சிலிண்டரைக் கடைந்து, அதாவது போரிங் செய்து, புது பிஸ்டன் போடும்வரை வேறு எதுவும் கேட்கவில்லை.

காரணம் எளிது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு ஊர் 1500 மீட்டர். மேலே காற்று லேசு. குளிர் கொஞ்சம் ஈடு கட்டினாலும், ஒரே கொள்ளளவு காற்றில் எடை பத்தில் ஒரு பங்காவது குறைந்துவிடும். கார்பரேட்டருக்கு எடை தெரியாது. தன் தொண்டை வழியாக ஓடும் காற்றின் உறிஞ்சலை வைத்துப் பெட்ரோலை விடும். காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாது. அதனால் கீழே சரியாக இருக்கும் ஜெட் மேலே 'ரிச்' (பெட்ரோல் அதிகம்), மேலே சரியாக இருக்கும் ஜெட் கீழே 'லீன்' (பெட்ரோல் குறைவு). ரிச்சாக ஓடினால் புகை வரும், பிளக் கறுக்கும், மைலேஜ் போகும். செலவு பிளக்கோடு நின்றுவிடும். லீனாக ஓடினால் பிஸ்டன் சூடேறி, விரிந்து, சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே சேலத்துச் சமவெளியில் ட்யூன் செய்துகொண்டு, மலையில் கொஞ்சம் திணறினால் திணறட்டும் என்று விட்டுவிடுவதுதான் நம் ஊருக்குச் சரியான கணக்கு.

கார்பரேட்டர்மேல் பழி போடும் முன்

1985 கடைசியில் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி இது. உங்கள் கையில் இருப்பது எப்படியும் முப்பது வயதை நெருங்கிய, அல்லது கடந்த 98 சிசி டூ ஸ்ட்ரோக் இஞ்சின். கார்பரேட்டர் கோளாறு மாதிரி தெரிவதில் பாதி, வேறு எங்கோ காற்று கசிவதுதான்.

முதலில் கார்பரேட்டரை இஞ்சினோடு சேர்க்கும் ரப்பரைப் பாருங்கள். வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு கண்ணில் படும். வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷில் இஞ்சின் ஆயிலைத் தொட்டு ரப்பர் இணைப்பைச் சுற்றியும், ரீட் வால்வு (காற்றை உள்ளே மட்டும் விடும் தகடு) கேஸ்கட் ஓரத்திலும் தடவுங்கள். எந்த இடத்தில் தடவும்போது இஞ்சின் சத்தம் மாறுகிறதோ, அங்கே கசிவு. சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது, அந்த வேலை வேண்டாம்.

அடுத்தது கிராங்க் ஆயில் சீல், கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் கசிவை அடைக்கும் ரப்பர் வளையம். இடப்பக்கம் மேக்னெட் இருக்கும் சீல் தேய்ந்தால் வெளிக்காற்றை இழுத்து லீன் ஆக்கும். வலப்பக்கம் கிளட்ச் இருக்கும் சீல் போனால் கியர் ஆயிலையே உறிஞ்சி வெள்ளைப் புகையாக விடும். கியர் ஆயில் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை என்றால், வலப்பக்கம்தான்.

ஆக்சிலேட்டரை விட்டபிறகும் இஞ்சின் வேகம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கிக்கொண்டு இருந்தால் அதுவும் காற்றுக் கசிவின் அடையாளம்தான். இதைச் சரிசெய்யாமல் ஜெட் மாற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. ஏர் ஃபில்டர், சைலன்சர் உள்ளே இருக்கும் கரி, டேங்க் குழாயின் சல்லடை இவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கழற்றிச் சுத்தம் செய்வது

டேங்க் குழாயை மூடுங்கள். மேல்மூடியைத் திருகிக் கழற்றினால் ஸ்லைடும் (ஆக்சிலேட்டரை முறுக்கினால் எழுந்து காற்று வழியைத் திறக்கும் அடைப்பு) நீடிலும் கேபிளோடு வெளியே வரும். அதைத் துணியில் சுற்றி டேங்க்மேல் வைத்துவிடுங்கள், நீடில் வளைந்தால் எல்லாம் வீண். அப்புறம் கிளாம்புகளைத் தளர்த்திக் கார்பரேட்டரை எடுங்கள். கீழே இருக்கும் கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் ஜப்பான் அளவு ஸ்டார். நம் கடைகளில் கிடைக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக உட்காராது, அழுத்தாமல் திருகினால் தலை மழுங்கிவிடும். அழுத்தித் திருகுங்கள்.

கிண்ணத்துக்குள் மிதவை, அதன் அடியில் ஊசி வால்வு, நடுவில் மெயின் ஜெட், பக்கத்தில் குழிக்குள் ஐடிலுக்கான பைலட் ஜெட். நம் ஊரில் பைலட்டை ஸ்லோ ஜெட் என்று சொல்பவர்களும் உண்டு. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஓட்டை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காற்றால் ஊதுங்கள். குண்டூசியோ கம்பியோ விட்டுக் குடையாதீர்கள். பித்தளை மெத்தென்றது, ஒருமுறை குடைந்தால் 100 என்று எழுதியிருக்கும் ஜெட் 100 ஆக இருக்காது. என்னிடம் வந்த ஒரு செகண்ட்ஹேண்ட் கார்பரேட்டரில் ஜெட் ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது. யாரோ ஊக்கைப் போட்டு ஆட்டியிருக்கிறார்கள்.

கழற்றிய ஜெட்டுகளில் பொறித்திருக்கும் எண், நீடில் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருந்தது, ஐடிலுக்குக் காற்றை அளந்து விடும் ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று திறந்திருந்தது, மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஞாபகம் இருக்கும் என்று நினைப்பீர்கள். இருக்காது.

இன்னொன்று, இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்ஸிஜன் சேர்ந்தே இருப்பதால், பழைய ஜெட் எண்ணிலேயே இஞ்சின் முன்பைவிடக் கொஞ்சம் லீனாக ஓடும். அந்தக் காலத்துக் கையேட்டில் சொன்ன எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாததற்கு இது ஒரு காரணம். பழைய ரப்பர் குழாய், ஓரிங் எல்லாவற்றையும் அது உப்பவைக்கும், இற்றுப்போக வைக்கும். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வண்டியை ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் குழாயை மூடிவிட்டுக் கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிடுங்கள்.

எந்த முறுக்கலுக்கு எந்த பாகம்

புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கார்பரேட்டரின் பாகங்கள் இஞ்சின் வேகத்துக்கு ஏற்ப வேலை செய்வதில்லை. ஸ்லைடு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதற்கு ஏற்பத்தான் வேலை செய்கின்றன. ஆக்சிலேட்டர் மூடியிருப்பதிலிருந்து கால்வாசிக்குள் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சரிவு கொஞ்ச தூரம் பேசும். கால்வாசி முதல் முக்கால்வரை நீடில். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். ஒன்றின் எல்லை இன்னொன்றின்மேல் படியும், கத்தியால் வெட்டினாற்போல் இருக்காது.

இதைக் கைக்குப் பழக்க ஒரு வழி இருக்கிறது. ஆக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். பக்கத்தில் அசையாத ஸ்விட்ச் பெட்டியிலும் ஒரு துண்டு. மூடிய நிலையில் இரண்டுக்கும் நேராகப் பேனாவால் ஒரு கோடு. முழுசாக முறுக்கி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் கால், அரை, முக்கால் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இனி வண்டி எங்கே திணறுகிறது என்று யாராவது கேட்டால், "நாற்பதில் போகும்போது" என்று சொல்ல மாட்டீர்கள். "அரைக்கோட்டில்" என்பீர்கள். நீடிலைப் பார்க்க வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.

ட்யூன் செய்யும் வரிசை

காலை ஆறு மணிக்கு, குளிர்ச்சியாக இருக்கும்போது செய்யுங்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி, அதில்தான் இஞ்சின் அதிகம் லீனாகும். மே மாத மதியத்தில் கச்சிதமாக வைத்த வண்டி மார்கழி விடியலில் லீனாக ஓடும். புது பிளக் ஒன்று, கம்பெனி சொன்ன அதே ஹீட் எண்ணில் (பிளக் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்று காட்டும் எண்), கையில் இருக்கட்டும். ஜெட் அஞ்சு அஞ்சாக ஏறும், 100, 105, 110 என்று. இப்போது இருப்பதற்கு மேலே இரண்டும் கீழே ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியை ஐந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, ஐடில் தோராயமாக நிற்கும்படி வைத்துக்கொண்டு, முதலில் மெயின் ஜெட்டில் கை வையுங்கள். சிலர் பைலட்டில்தான் தொடங்க வேண்டும் என்பார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. பிஸ்டனைக் காவு வாங்கும் இடம் முழு முறுக்கல்தான், அதை முதலில் பத்திரப்படுத்த வேண்டும்.

இரண்டு சைஸ் பெரிய ஜெட்டைப் போடுங்கள். வண்டி, ஆள் இல்லாத நேரான ரோடு, மூன்றாம் கியர், முழு முறுக்கல். மூன்றாம் கியரே போதும், நாலில் போட்டு வேகத்தை ஏற்றத் தேவையில்லை. ஹெல்மெட், ஷூ கட்டாயம். உச்ச வேகத்துக்குப் போகாமல் 'தர்ர்ர்' என்று அடைத்துக்கொண்டு, நாலு ஸ்ட்ரோக் மாதிரி அடித்தால் ரிச் என்று அர்த்தம். நல்லது, அதுதான் வேண்டும். ஒரு சைஸ் இறக்குங்கள். மறுபடி ஓட்டுங்கள். அடைப்பு விலகிச் சுத்தமாக இழுக்கும் ஜெட் வந்ததும் நிறுத்தி, அதற்கு ஒரு சைஸ் மேலே போட்டுவிடுங்கள். அந்த ஒரு சைஸ்தான் உங்கள் இன்சூரன்ஸ். எப்போதும் ரிச்சிலிருந்து கீழே வாருங்கள், லீனிலிருந்து மேலே ஏறாதீர்கள்.

இப்போது பிளக் பார்ப்பது. புது பிளக்கை மாட்டி, அதே ரோட்டில் அதே கியரில் முழு முறுக்கலில் கொஞ்ச தூரம் ஓட்டி, பின்னால் யாரும் வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, கிளட்சைப் பிடித்தபடியே சாவியை அணைத்துவிட்டு ஓரமாக உருண்டு நில்லுங்கள். ஐடிலில் ஓடவிட்டு நிறுத்தினால் ஐடிலின் நிறம்தான் தெரியும். பிளக்கை உடனே தொட்டால் கை பொசுங்கும். ஆறும்வரை பக்கத்தில் கடை திறந்திருந்தால் ஒரு தட்டுவடை செட் சாப்பிடலாம், எண்ணெய்க் கையோடு தின்றால் ருசி தனி. பிளக்கின் நுனியைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். வெள்ளைச் செராமிக் உள்ளே இறங்கும் அடிப்பகுதியில், இரும்போடு சேரும் இடத்தில் ஒரு வளையம் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். பால் குறைவான காபி நிறம் என்றால் சரி. டிகாஷன் மாதிரி கறுத்து ஈரமாக இருந்தால் ரிச். வளையமே இல்லாமல் வெளுத்திருந்தால், வண்டியை மெதுவாக வீட்டுக்கு ஓட்டிப்போய்ப் பெரிய ஜெட்டைப் போடுங்கள்.

நீடிலில் ஐந்து பள்ளம் இருக்கும், நடுப்பள்ளத்தில் தொடங்குங்கள். கிளிப்பை மேலே ஏற்றினால் நீடில் கீழே இறங்கும், லீன் ஆகும். கிளிப்பைக் கீழே இறக்கினால் நீடில் எழும், ரிச் ஆகும். இது எல்லோருக்கும் ஒருமுறையாவது தலைகீழாகப் போகும், எனக்கு இரண்டுமுறை. அரைக்கோட்டில் சீராக ஓட்டிப் பாருங்கள். வண்டி முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடினால் லீன், தடதடத்துப் புகைந்தால் ரிச்.

கடைசியாக ஐடில். இஞ்சின் நல்ல சூட்டில் இருக்கட்டும். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முட்டும்வரை மூடி, ஒன்றரைச் சுற்று திறங்கள். அங்கிருந்து கால் சுற்றாக அந்தப்பக்கம் இந்தப்பக்கம் திருகி, ஐடில் எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்துக்கொள்ளலாம். இந்தக் கார்பரேட்டரில் ஏர் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பதால், திறந்தால் லீன், மூடினால் ரிச். ஒரு சுற்றுக்குள்ளேயே உச்சம் வந்துவிட்டால் பைலட் ஜெட் சின்னது. இரண்டரைச் சுற்றுக்கு மேல் போனால் பெரிது. ஐடிலைக் கண்டபடி ரிச்சாக வைத்தால் புகைச் சோதனையிலும் மாட்டிக்கொள்வீர்கள், அங்கே பார்ப்பது ஐடிலில் வரும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும்தான்.

24 மில்லிமீட்டர் ஆசை

வண்டி வாங்கிய முதல் மாதமே எல்லோரும் கேட்பது இதுதான்: "அண்ணா, 24 கார்ப் போட்டா எவ்ளோ ஏறும்?" கம்பெனி கொடுத்தது தொண்டை அகலம் 20 மில்லிமீட்டர் உள்ள மிக்குனி கார்பரேட்டர். சிலிண்டரில் போர்ட் வேலை (காற்றும் புகையும் போகும் வாய்களைச் செதுக்கி மாற்றுவது) செய்யாமல், சைலன்சரும் பழையபடியே இருந்தால், 24 போட்டு உங்களுக்குக் கிடைப்பது உச்சத்தில் கொஞ்சம், கீழே பெரிய நஷ்டம். தொண்டை அகலமானால் காற்றின் வேகம் குறையும், உறிஞ்சல் பலம் குறையும், சின்ன முறுக்கலில் பெட்ரோல் சரியாகத் தூவாது. ஏற்காட்டு வளைவுகளில் நமக்குத் தேவைப்படுவதோ அந்தச் சின்ன முறுக்கல் இழுவைதான். வளைவு முடிந்து இரண்டாம் கியரில் எழும்பும்போது வண்டி ஒரு கணம் மூச்சுத் திணறினால், பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்தே ஆளைக் கொன்றுவிடும்.

போர்ட் வேலை செய்த இஞ்சின் என்றால் போடலாம். வாங்கும்முன் இன்டேக் ரப்பரின் உள்விட்டத்தையும் புதுக் கார்பரேட்டரின் வாய் வெளிவிட்டத்தையும் வெர்னியரில் அளந்துவிடுங்கள், டேப் சுற்றி இறுக்கும் வேலை கசிவில்தான் முடியும். போலி சரக்கு நிறைய இருக்கிறது. ஸ்லைடை உள்ளே விட்டு ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்றால் வேண்டாம். ஜெட் எண் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும்.

பலரும் மறப்பது, டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்குத் தனியாக ஆயில் அனுப்பும் பம்ப்பை. ஆக்சிலேட்டர் கேபிள் ஒரு கிளை கார்பரேட்டருக்கும் ஒரு கிளை பம்ப்புக்கும் போகிறது. ஸ்லைடு எழும் தூரம் மாறினால் பம்ப் திறக்கும் அளவும் மாறும். பம்ப் சக்கரத்தில் இருக்கும் குறி, ஒர்க்‌ஷாப் கையேட்டில் சொன்னபடி பம்ப்பில் இருக்கும் ஆணியோடு (pin) நேராக வருகிறதா என்று பார்த்து கேபிளைச் சரிசெய்யுங்கள். பம்ப்பைக் கழற்றிவிட்டு டேங்கில் பெட்ரோலோடு ஆயிலைக் கலப்பவர்கள், லிட்டருக்கு 25 மில்லி என்று அளந்து ஊற்றுங்கள், அது 40-க்கு 1. பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம் என்று ஆயிலைக் கூட்டினால், அதே ஜெட்டில் போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைகிறது, அதாவது லீன். ஜெட் மாற்றாமல் ஆயில் அளவை மாற்றாதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்சியில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. ஜெட் மாற்றுவது பராமரிப்பு. போரைப் பெரிதாக்கி சிசியைக் கூட்டுவது அப்படியல்ல.

ஏறி இறங்குவது

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டியதும் இஞ்சின் மந்தமாவது தெரியும். தவறு ஒன்றுமில்லை, கியரை ஒன்று குறைத்துப் போங்கள். மேலே காலையில் பனியில் ஸ்டார்ட் செய்ய 'சோக்' இழுத்தால் ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். இந்தக் கார்பரேட்டரில் அது காற்றை அடைக்கும் தகடு அல்ல, பெட்ரோலுக்கு இன்னொரு குறுக்குவழி. ஸ்லைடைத் தூக்கினால் அந்த வழியின் உறிஞ்சல் போய்விடும். இழுத்து, கையை எடுத்துவிட்டு, உதையுங்கள்.

இறங்கும்போதுதான் கவனம். டிரம் பிரேக் சூடாகித் தளராமல் இருக்க, இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை மூடிவிட்டு இறங்கச் சொல்வார்கள். நாலு ஸ்ட்ரோக்குக்குச் சரி. டூ ஸ்ட்ரோக்கில் இஞ்சினுக்கு ஆயில் போவது ஆக்சிலேட்டரோடு சேர்ந்துதான். மூடியபடி இஞ்சின் வேகமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் பிஸ்டனுக்கு ஆயில் சொட்டாகத்தான் வரும். அதனால் ஒவ்வொரு வளைவுக்கும் நடுவில் ஒருமுறை கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரைச் சட்டென்று ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள். நீலப்புகை ஒரு கொத்து வெளியே வரும். வந்தால் ஆயில் போகிறது. எதிரே ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கும்போதும் அதையே செய்யலாம். இஞ்சினை அணைத்துவிட்டு உருளுவது மட்டும் வேண்டாம், 20 வளைவுக்கும் பிரேக் தனியாகத் தாங்காது.

அடிவாரத்தில் ஒரு டீ. வண்டி அதுவரை ரிச்சில் ஓடியிருப்பதால் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் புகைந்து தெளியும். கோரிமேடு வருவதற்குள் சத்தம் பழையபடி ஆகிவிடும்.